அறத்தொடு நிற்க ஆளில்லை

திருமங்கலம் சாலையிலோ உசிலம்பட்டி சாலையிலோ ஒரு முகூர்த்த நாளன்று பஸ்ஸில் போனால் இரண்டு மூன்று மகால்களின் வாசலிலாவது அந்த பிளெக்ஸ் தெரியும். நடுவில் பட்டுச்சேலையும் ஒட்டியாணமும் பூச்சடையுமாகப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண். சுற்றிலும் கூலிங்கிளாஸ் போட்ட தாய்மாமன்கள், கட்சித் தலைவர்கள், சில சமயம் ஒரு சினிமா நடிகர். பூப்புனித நீராட்டு விழா. சற்று நேரத்தில் மாமன் சீர் வரும். கொட்டு முன்னால் போக, பழமும் பலகாரமும் சேலையும் வளையலும் வைத்த தாம்பாளங்களை ஏந்திப் பெண்கள் வரிசையாக வருவார்கள். வசதிப்பட்ட மாமன் என்றால் கிடாயும் பீரோவும் வண்டியில் வரும். வாசலில் மேசை போட்டு மொய் எழுதுவார்கள். யார் எவ்வளவு என்று மைக்கில் வாசிப்பதும் உண்டு. ஒரு சிறுமிக்கு முதல் மாதவிடாய் வந்த செய்தி இப்படி ஊருக்கும் சாதிசனத்துக்கும் ஓட்டுக் கேட்க வருகிறவருக்கும் முறைப்படி தெரிவிக்கப்படுகிறது. அது ஏன் வருகிறது, இனி அவள் உடம்பில் என்னவெல்லாம் நடக்கலாம் என்று அவளிடம் உட்கார்ந்து சொன்னவர் அந்த மண்டபத்தில் யாராவது உண்டா என்று தேடினால் பெரும்பாலும் கிடைக்க மாட்டார்.

மதுரைச் சீமையில் காமமும் காதலும் பேசாப் பொருள் என்று சொன்னால் பாதிதான் உண்மை. ஊர் ஓயாமல் பேசுகிறது. வீட்டுக்குள், பெற்றவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில்தான் பேச்சு நின்றுபோகிறது. பத்திரிகைகளின் ஆலோசனைப் பக்கங்களும் பள்ளிக் கூட்டங்களுக்கு வரும் மனநல மருத்துவர்களும் பல வருடங்களாகச் சொல்வது ஒன்றுதான்: பிள்ளைகளிடம் மனம்விட்டுப் பேசுங்கள். நல்ல யோசனை. ஆனால் அதில் ஒரு வரலாறு விடுபட்டுப்போகிறது. இந்தப் பேச்சு இங்கே என்றைக்குமே அப்பா அம்மாவின் வேலையாக இருந்ததில்லை. அதற்கென்று வேறு ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் ஒவ்வொருவராக விலகிப்போன பிறகு, பழக்கமே இல்லாத இருவர் தலையில் அந்த வேலை வந்து விழுந்திருக்கிறது. அவர்கள் தடுமாறுவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

அந்தப் பழைய ஏற்பாட்டைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். பெண் வயதுக்கு வந்ததும் தாய்மாமன் பச்சை ஓலையில் குச்சு கட்டுவார். அவள் அதற்குள் உட்கார வேண்டும். தட்டு, டம்ளர் எல்லாம் தனி. காலையில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும், பிறகு கருப்பட்டி போட்ட உளுந்தங்களி. "இடுப்பு வலுக்கணும்ல" என்பார் அப்பத்தா. எதற்கு வலுக்க வேண்டும் என்பதை அம்மா சொல்ல மாட்டாள். அப்பத்தாவோ அம்மாச்சியோ அத்தையோ, களி கிண்டிக்கொண்டே, யாரோ ஒருத்தியின் பிரசவக் கதையைச் சொல்கிற சாக்கில் சொல்லிவிடுவார்கள். சிரிப்பும் கேலியும் கலந்து, நேராகச் சொல்லாமல் விஷயம் வந்து சேரும். கல்யாணம் நெருங்கும்போது அந்த வேலை மதினிமார் கைக்குப் போகும். ஆண்பிள்ளைக்கு மச்சான்கள் இருந்தார்கள். எந்த உறவிடம் கேலி பேசலாம், எந்த உறவின் முன் வாயைத் திறக்கக்கூடாது என்று தமிழ்க் குடும்பத்தில் கணக்கு உண்டு. மாமன், மச்சான், அத்தை, மதினி, கொழுந்தியா எல்லாம் பேசலாம் என்ற பக்கம். அப்பா, அம்மா, அண்ணன், தங்கை எல்லாம் பேசக்கூடாத பக்கம். பருத்திக் காட்டில் களை எடுக்கும் பெண்களும் நாற்று நடும் பெண்களும் அடிக்கும் கேலியைக் காது கொடுத்துக் கேட்டவர்களுக்கு, கிராமத்துப் பெண்கள் கூச்சத்தில் வாய் பேசாதவர்கள் என்று யாராவது சொன்னால் சிரிப்புத்தான் வரும். அதே பெண் வீட்டுக்கு வந்து மகள் எதிரே நின்றால் அந்த வாய் அடைத்துக்கொள்கிறது.

இது நேற்று வந்த வழக்கமில்லை. சங்கப் பாடல்களின் அகத்திணையில் தலைவியின் காதல் பெற்றோர் காதுக்குப் போய்ச் சேருவதற்கு ஒரு வழிமுறையே உண்டு. தலைவி தோழியிடம் சொல்வாள். தோழி செவிலித்தாயிடம் சொல்வாள். செவிலி நற்றாயிடம் சொல்வாள். நற்றாய் வழியாகத்தான் தந்தைக்கும் அண்ணன்மாருக்கும் போகும். இதற்கு அறத்தொடு நிற்றல் என்று பெயர். பெற்ற தாய் நேரடியாகக் கேட்பதும் இல்லை, மகள் நேரடியாகச் சொல்வதும் இல்லை. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு, 261 அடிகளும், ஒரு தோழி செவிலியிடம் தன் தலைவிக்காக அறத்தொடு நிற்பதுதான். மகளின் மேனி வாடிப்போனதைக் கண்டு என்ன நோயோ என்று செவிலி தெய்வத்துக்குப் பூசை போட்டுக்கொண்டிருக்க, தோழி வந்து நடந்ததைப் பக்குவமாகச் சொல்கிறாள். 99 பூக்களின் பட்டியல் இருக்கிறதென்று பள்ளிக்கூடத்தில் அந்தப் பாட்டை மனப்பாடக் கேள்வியாக்கிவிட்டோம். ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழின் அருமையை அறிவிக்கக் கபிலர் பாடியது என்பது மரபுவழிக் குறிப்பு. வெளியூர் ராஜாவுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க எடுத்துக்கொண்ட பொருள், ஒரு பெண்ணின் காதலை வீட்டுக்கு எப்படித் தெரியப்படுத்துவது என்பது! இன்றும் பள்ளிக்கூடம் போகும் பெண் சாப்பிடாமல் முகம் வாடிக் கிடந்தால் முதலில் கோடாங்கியிடமோ பாண்டி கோயிலுக்கோ கூட்டிப்போகும் குடும்பங்கள் உண்டு. மகளின் நோய் தீரப் பூசாரி வேலனை அழைத்து வெறியாடிய சங்க காலத்திலிருந்து இது மட்டும் மாறவில்லை. இடையில் வந்து பேசும் தோழியைத்தான் காணோம்.

பழைய ஏற்பாடு பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. கல்யாணத்துக்கும் பிரசவத்துக்கும் வேண்டிய அளவுக்குத்தான் அதில் விஷயம் கிடைத்தது. விருப்பம் இல்லையென்றால் என்ன செய்வது என்று எந்த மதினியும் சொல்லிக்கொடுத்ததில்லை. கேலி பேசும் உரிமை உள்ள மாமனே கட்டிக்கொள்ளும் உரிமையும் உள்ளவர். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் 28 சதவீதம் பெண்கள் சொந்தத்துக்குள் மணமுடித்தவர்கள். நாட்டிலேயே மிக அதிக அளவுகளில் ஒன்று. "என் பொண்டாட்டி" என்று எட்டு வயதுப் பெண்ணைத் தூக்கிக் கொஞ்சும் மாமனை யாரும் தவறாக நினைப்பதில்லை. அந்தக் கொஞ்சல் எந்த இடத்தில் எல்லை தாண்டுகிறது என்று அந்தக் குழந்தைக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்லும் வழி கிடையாது. டி.கல்லுப்பட்டி பக்கம் கூவலப்புரம் போன்ற சில ஊர்களில் மாதவிடாய் நாட்களில் பெண்கள் ஊருக்குப் பொதுவான தனிக் கட்டடத்தில் தங்கும் வழக்கம் சில ஆண்டுகளுக்கு முன்புகூடச் செய்தியானது. அங்கே போய் உட்காரும் பெண்ணின் மாதக் கணக்கு ஊருக்கே தெரியும். உடம்பைப் பற்றிய தகவல் எல்லாருக்கும் தெரிந்தும் உடம்புக்குரியவளுக்கு மட்டும் தெரியாமல் இருப்பது அந்த ஏற்பாட்டின் பிறவிக் குறை.

அந்த ஏற்பாட்டைக் குலைத்த பெரிய மாற்றம் கல்யாண வயதில் வந்தது. 1929-ல் சாரதா சட்டம் பெண்ணுக்குக் குறைந்தபட்ச மணவயது 14 என்றது. 1949-ல் 15, 1978-ல் 18. கொள்ளுப்பாட்டி வயதுக்கு வந்ததற்கும் புருஷன் வீட்டுக்குப் போனதற்கும் நடுவில் ஒன்றிரண்டு வருடம்தான் இருந்தது. குச்சில் சொன்னது அதுவரை தாங்கியது. பேத்தி பன்னிரண்டில் வயதுக்கு வந்து, அழகர்கோவில் சாலையில் ஒரு பொறியியல் கல்லூரியில் படித்து, கோயம்புத்தூரிலோ சென்னையிலோ வேலைக்குச் சேர்ந்து, இருபத்தைந்தில் கல்யாணம் செய்கிறாள். நடுவில் இருக்கும் பன்னிரண்டு, பதின்மூன்று வருடங்களுக்கு இந்தப் பண்பாட்டில் பேச்சே தயாராக இல்லை. அந்த வருடங்களில் அப்பத்தா ஊரில் இருக்கிறார், அத்தை திருப்பூரில், மதினி வாட்ஸப் ஸ்டேட்டஸில். மதுரைக்குள் ஒரு பத்துக்குப் பத்து வாடகை வீட்டில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு டிவி. நாப்கின் விளம்பரம் வரும்போது ரிமோட்டைத் தேடும் கை மட்டும் பழையபடி இருக்கிறது.

வீட்டுக்கு வெளியே எவ்வளவு பேசினோம் என்று யோசித்தால் வியப்பாக இருக்கும். இந்த நகரம் தெய்வத்தின் உடம்பைக் கதையாகச் சொல்லி வளர்ந்த நகரம். மூன்று தனங்களோடு பிறந்த தடாதகை, கணவனாக வரப்போகிறவனைக் கண்டதும் ஒன்று மறையும் என்ற அசரீரி, கயிலையில் சிவனைக் கண்டதும் அது மறைந்தது எல்லாம் மதுரைக் குழந்தைகள் பாட்டி மடியில் கேட்ட கதை. அந்தத் தடாதகை சிலையாகப் புது மண்டபத்தில் நிற்கிறாள். பல தலைமுறைப் பிள்ளைகள் பாடப் புத்தகமும் நோட்டும் வாங்கப் போனது அதே மண்டபத்துக்குத்தான். தேர்ச் சிற்பங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வடம் பிடிக்கப் போன பையன்களுக்கு முதல் பாடம் அங்கே.

அப்புறம் அரசாங்கம் பேசியது. டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரன் உருவாக்கிய காந்திகிராமம் மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் வழியில்தான் இருக்கிறது. 1959-ல் அங்கே ஆத்தூர் வட்டாரத்தில் தொடங்கிய சுகாதாரத் திட்டம், கிராமத்துப் பெண்களிடமும் ஆண்களிடமும் குடும்பக் கட்டுப்பாட்டை வீடு வீடாகப் பேசிப் பார்த்த முன்னோடி முயற்சிகளில் ஒன்று. அதற்குப் பிறகு குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னமான சிவப்பு முக்கோணம் ஏறாத சுவர் தமிழ்நாட்டில் இல்லை. 1968-ல் நிரோத் ஆணுறை பெட்டிக்கடைக்கே வந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளை அந்தச் சுவரைச் சத்தமாகப் படித்துவிட்டு "அப்படின்னா என்னப்பா?" என்று கேட்டால், "சும்மா வா" என்று கையைப் பிடித்து இழுத்துப்போனவர்கள் இன்றைய தாத்தாக்கள். 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்த பிறகு, 2000-களின் தொடக்கத்தில் எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரங்களில் புள்ளிராஜா வந்தார். அவருக்கு எய்ட்ஸ் வருமா என்று பஸ்ஸின் முதுகில் கேட்ட கேள்வியைத் தமிழ்நாடு முழுக்க வேடிக்கையாகத் திருப்பிக் கேட்டது. எந்த வழியாக வரும் என்று வீட்டில் எவரும் சொல்லவில்லை. ஏறக்குறைய அதே காலத்தில் விஜய் டிவியில் டாக்டர் மாத்ருபூதமும் டாக்டர் ஷர்மிளாவும் 'புதிரா புனிதமா' நிகழ்ச்சியில் பின்னிரவில் நேயர்களின் சந்தேகங்களுக்குப் பதில் சொன்னார்கள். பெற்றோர் தூங்கிய பிறகு பிள்ளைகளும், பிள்ளைகள் தூங்கிய பிறகு பெற்றோரும் பார்த்த நிகழ்ச்சி அது. ஒரே வீட்டில், ஒரே டிவியில், தனித்தனியாக.

பொது இடத்தில் இதைப் பேசுவதற்கு விலையும் உண்டு. 2005 செப்டம்பரில் ஒரு பத்திரிகை ஆய்வை ஒட்டி, திருமணத்துக்கு முந்தைய உறவைப் பற்றியும் பாதுகாப்பைப் பற்றியும் நடிகை குஷ்பு சொன்ன கருத்துக்காக அவர் மீது 23 வழக்குகள் போடப்பட்டன. விளக்குமாறும் செருப்புமாகப் போராட்டங்கள் நடந்தன. 2010 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் அத்தனையையும் ரத்து செய்தது. அந்த ஐந்து வருடங்களில் எத்தனை அம்மாக்கள் வாயை மூடிக்கொண்டார்கள் என்பதற்குக் கணக்கில்லை. அதே காலகட்டத்தில், 2007-ல், பள்ளிகளுக்கான வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை மகாராஷ்டிரம், குஜராத், கர்நாடகம் உட்படப் பல மாநிலங்கள் நிறுத்தின. வெங்கய்ய நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு 2009-ல் அதை ஏற்க முடியாது என்று அறிக்கையே கொடுத்தது. பள்ளிக்கூடம் சொல்லக்கூடாது, வீடுதான் சொல்ல வேண்டும் என்றவர்களுக்கு, வீடு சொல்வதே இல்லை என்பது தெரியாமல் இருந்திருக்காது.

ஆண்பிள்ளைகளின் கதை இதைவிட மோசம். பெண்ணுக்காவது ஒரு குச்சும் களியும் இருந்தன. பையனுக்குக் காதுகுத்துக்குப் பிறகு கல்யாணம்தான். நடுவில் ஒரு சடங்கும் இல்லை, ஒரு சொல்லும் இல்லை. குரல் உடைவதும் தூக்கத்தில் விந்து வெளியேறுவதும் அவனுக்குத் தனியாக நடக்கின்றன. அந்தத் தனிமையை வைத்துப் பிழைக்க ஒரு தொழிலே இருக்கிறது. இன்ன தேதியில் இன்ன ஊர் லாட்ஜில் வைத்தியர் இருப்பார், இளமையில் செய்த தவறால் நரம்பு தளர்ந்தவர்கள் வந்து பார்க்கலாம் என்று செய்தித்தாளிலும் பிறகு டிவியிலும் விளம்பரம் வரும். இரவில் இயல்பாக நடப்பதை நோயென்று நம்பி, மெலிந்து, படிப்பில் கவனம் போய், லேகியத்துக்குக் காசு திருடிய பையன்கள் எல்லாத் தெருவிலும் உண்டு. இந்தப் பயத்தை இந்தியத் துணைக்கண்டத்துக்கே உரிய ஒரு மனநலச் சிக்கல் என்று மருத்துவர் என்.என். விக் 1960-லேயே எழுதி, அதற்கு தாத் நோய்க்குறி என்று பெயரும் வைத்துவிட்டார். "அது எல்லாருக்கும் வர்றதுதான்டா, பயப்படாத" என்று அப்பா ஒரு வரி சொல்லியிருந்தால் பாதி லாட்ஜ் வைத்தியர்கள் கடையைக் கட்டியிருப்பார்கள். அந்த ஒரு வரி ஏன் வரவில்லை என்றால், அப்பாவிடமும் யாரும் அதைச் சொன்னதில்லை.

இப்போது லாட்ஜ் வேலையைக் கைப்பேசி எடுத்துக்கொண்டது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது, அதுவரை "போனைத் தொட்டா கையை ஒடிப்பேன்" என்ற வீடுகளே ஆன்லைன் வகுப்புக்காகக் கடன் வாங்கி ஆளுக்கொரு போன் வாங்கிக் கொடுத்தன. 2018-ல் மத்திய அரசு 827 ஆபாசத் தளங்களை முடக்கச் சொன்னது. அதனால் யாருக்கும் எதுவும் கிடைக்காமல் போய்விடவில்லை. முந்தைய தலைமுறைக்குப் பழைய புத்தகக் கடையில் அழுக்குத் தாளில் அச்சடித்த, 'சரோஜாதேவி' என்று பெயர் போட்ட காமக்கதைப் புத்தகம் இருந்தது. அதைத் தேடிப் போக வேண்டும், ஒளித்து வைக்க வேண்டும். இன்றைக்குப் பதினோரு வயதுப் பையன் தேடாமலே ஆபாசம் அவன் முன் வந்து நிற்கிறது. பெண்ணை வலிக்கச் செய்வதுதான் இயல்பு என்று அது சொல்லிக்கொடுக்கிறது. அதற்கு மறுப்புச் சொல்ல வீட்டில் ஒரு குரலாவது வேண்டும்.

சிறு குழந்தைகள் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் முன்னேறியிருக்கிறோம். குட் டச், பேட் டச் என்பது எல்.கே.ஜி. அம்மாக்கள் வரை வந்துவிட்டது. சென்னையில் 2004-ல் தொடங்கிய துளிர் அமைப்பு போன்றவர்களின் உழைப்பு அதில் இருக்கிறது. 13 மாநிலங்களில் நடந்து 2007-ல் வெளியான மத்திய அரசின் ஆய்வு, பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் ஏதாவது ஒரு வகையில் பாலியல் தொல்லைக்கு உள்ளானதாகச் சொன்னது. தொல்லை தந்தவர்களில் பாதிப்பேர் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். ஆனால் அம்மாக்கள் சொல்லித்தருவது பெரும்பாலும் "தெரியாதவங்க தொட்டா கத்தணும்" என்பதோடு முடிந்துவிடுகிறது. தெரிந்தவர் தொட்டால்? தாத்தா, சித்தப்பா, டியூஷன் அண்ணன்? மரியாதை கொடு, மடியில் உட்கார், முத்தம் கொடு என்று பழக்கிய அதே வாய்தான் மாற்றிச் சொல்ல வேண்டும். "உனக்குப் பிடிக்கலைன்னா மாமாவுக்கும் முத்தம் குடுக்க வேணாம்" என்று சபையில் சொல்லக்கூடிய தாய்க்குத் தனியாக விழிப்புணர்வு வகுப்பு வேண்டாம். சொன்னால் அன்றைக்குச் சண்டை வரும் என்பதும் தெரிந்ததுதான்.

சண்டை வீட்டோடு போய்விடும் காலமும் மலையேறிவிட்டது. 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ள எல்லாரையும் குழந்தை என்கிறது. அதற்கு முன் சம்மத வயது 16. பதினேழு வயதுப் பெண், பத்தொன்பது வயதுப் பையன் என்று வைத்துக்கொள்வோம். பெண்ணுக்கு நாள் தள்ளிப்போகிறது, யாரிடமும் சொல்லவில்லை. வயிற்று வலி என்று அம்மா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறாள். ஸ்கேன் எடுத்த டாக்டர், சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி போலீசுக்குத் தகவல் சொல்லக் கடமைப்பட்டவர். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், சம்மதத்தோடு நடந்ததென்றால் கருக்கலைப்புக்கு வரும் சிறுமியின் பெயரை டாக்டர் வெளியிட வேண்டியதில்லை என்று ஓர் இடைவெளி விட்டுக் கொடுத்தது. நடைமுறையில் எத்தனை ஆஸ்பத்திரிகள் அந்தத் துணிச்சலை எடுக்கும்? அனைத்து மகளிர் காவல் நிலையம், குழந்தைகள் நலக் குழு, காப்பகம் என்று பெண் ஒரு பக்கம் போகிறாள். பையன் கைதாகிறான். கர்ப்பம் உண்டானால் அது சட்டப்படி கடுமையாக்கப்பட்ட குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனையே 20 ஆண்டு. தன் மகளுக்கு ஒரு காதல் இருந்தது என்பது அந்தத் தாய்க்கு முதன்முதலாகத் தெரிவது இப்படித்தான், முதல் தகவல் அறிக்கையில். தோழியின் இடத்தில் காக்கிச்சட்டை.

தமிழ்நாட்டு நீதிமன்றங்கள் இதை உணராமல் இல்லை. 2019-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி வி. பார்த்திபன், 16 வயதுக்கு மேல் விருப்பத்தோடு நடப்பதைப் போக்சோவிலிருந்து விலக்கச் சட்டத்தைத் திருத்தலாம் என்றார். 2021 ஜனவரியில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், ஓர் ஆட்டோ ஓட்டுநர் மீதான வழக்கை ரத்து செய்தபோது வளரிளம் பருவத்துக் காதலைக் குற்றமாக்குவது இந்தச் சட்டத்தின் நோக்கமல்ல என்று சொன்னார். 2022 டிசம்பரில் அப்போதைய காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு, இப்படிப்பட்ட வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று சுற்றறிக்கை அனுப்பினார். ஆனால் 2023-ல் சட்ட ஆணையம் வயதைக் குறைக்க வேண்டாம் என்று முடிவு சொல்லிவிட்டது. சட்டம் எதுவானாலும், இது ஒரு பதினாறு வயதுப் பையன் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. "தம்பி, பதினெட்டுக்குள்ள நீ காதலிச்சாலும் கையைப் பிடிச்சாலும் எது எது கேஸாகும் தெரியுமா?" என்று சொல்ல அப்பாவுக்குக் காமம் பற்றிப் பேசும் துணிச்சல்கூட வேண்டாம், சட்டம் தெரிந்தால் போதும். கூச்சப்படும் அப்பாக்களுக்கு இதுதான் எளிய வாசல் என்று எனக்குத் தோன்றுகிறது.

கூச்சத்தைப் பற்றி இவ்வளவு எழுதியாகிவிட்டது. உண்மையில் கூச்சம் மேல்தோல்தான். உள்ளே இருப்பது சாதி. மகள் யாரைக் காதலிக்கிறாள் என்று கேட்கும் அம்மா, அடுத்த கேள்வியாக "எந்த ஆளுக?" என்று கேட்பாள் என்பது மகளுக்குத் தெரியும். அதனால் முதல் கேள்விக்கே பதில் வராது. 2004-ல் வந்த பாலாஜி சக்திவேலின் 'காதல்' படத்தில் மதுரையின் ஒரு பள்ளிப் பெண்ணும் மெக்கானிக் பையனும் ஓடிப்போகிறார்கள். படத்தின் முடிவைப் பார்த்து மதுரைத் தியேட்டர்கள் அழுதன, வெளியே வந்து பழையபடி நடந்தன. 2014-ல் உசிலம்பட்டி அருகே, சாதி மாறி மணந்த இளம்பெண் ஒருத்தியின் மரணம் வழக்கானது. அந்த வழக்கை ஒட்டி 2016 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி வி. ராமசுப்பிரமணியன், சாதி மறுப்புத் திருமணம் செய்தவர்களைப் பாதுகாக்க மாவட்டந்தோறும் தனிப்பிரிவும் 24 மணி நேரத் தொலைபேசி எண்ணும் வேண்டும் என்று உத்தரவிட்டார். "எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லு" என்று பிள்ளையிடம் சொல்லும் அப்பா, எதுவாக இருந்தாலும் என்பதில் வேறு சாதிப் பையனும் அடக்கமா என்பதைத் தனக்குள் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். தீராமல் கேட்கும் கேள்வி விசாரணையாகத்தான் போய்ச் சேரும். பாலியல் கல்வி பற்றிய அரசுக் கையேடுகளில் சாதி பற்றிய பேச்சு வராது. மதுரைப் பக்கத்து வீடுகளில் அதை விட்டுவிட்டு வேறெதையும் பேச முடியாது.

பெற்றோருக்கும் பிள்ளைக்கும் நடுவில் ஒருவர் நின்றால் என்ன நடக்கும் என்பதற்கும் மதுரையிலிருந்தே ஒரு சான்று இருக்கிறது. ஒருவரையொருவர் விரும்பிய இரண்டு இளம்பெண்கள் மதுரையிலிருந்து சென்னைக்குப் போனார்கள். பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுக்க, போலீஸ் தேட, பெண்கள் பாதுகாப்புக் கேட்டு உயர் நீதிமன்றத்துக்கு வந்தார்கள். வழக்கை எடுத்தவர் மேலே சொன்ன அதே நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ். அவர் உடனே தீர்ப்பெழுதவில்லை. பெண்களையும் பெற்றோரையும் ஓர் உளவியல் ஆலோசகரிடம் அனுப்பிப் பேசவைத்தார். தன்பாலீர்ப்பு பற்றித் தனக்கே முழுப் புரிதல் இல்லை என்று நீதிமன்றத்தில் சொல்லி, தானும் அந்த ஆலோசகரிடம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். பிறகு 2021 ஜூன் 7 அன்று எழுதிய உத்தரவில், பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சைகளுக்குத் தடை விதித்தார். போலீசுக்கும் பள்ளிகளுக்கும் பெற்றோருக்கும் விழிப்புணர்வு வேண்டும் என்றார். அந்தப் பெற்றோர் மனம் மாறினார்களா என்றால், எளிதில் மாறவில்லை. ஆனால் மகள்கள் சொல்ல வேண்டியதை இன்னொருவர் பக்குவமாகச் சொல்லக் கேட்டார்கள். கபிலரின் தோழி செய்த வேலை, கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு. இதே மதுரையில் 2012-லேயே பாலினச் சிறுபான்மையினரின் பேரணி நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மதுரையைப் பழமையின் கோட்டை என்று எழுதித் தள்ளுகிறவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள்.

வெளிநாட்டு உதாரணங்களைச் சுருக்கமாகவே சொல்கிறேன். சுவீடன் 1955-லேயே பள்ளியில் இதைக் கட்டாயப் பாடமாக்கியது. ஏமி ஷாலெட் என்ற சமூகவியலாளர் 2011-ல் வெளியிட்ட நூலில், நெதர்லாந்துப் பெற்றோர் பதின்வயதுக் காதலை வீட்டுக்குள் அனுமதித்துப் பேசுவதையும் அமெரிக்கப் பெற்றோர் அதை வீட்டு வாசலிலேயே நிறுத்துவதையும் ஒப்பிட்டார். யுனெஸ்கோவின் 2018 வழிகாட்டி, ஐந்து வயதிலிருந்து வயதுக்கேற்பச் சொல்லித்தரலாம் என்கிறது. சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் சீக்கிரம் கெட்டுப்போவார்கள் என்பதற்குச் சான்றில்லை என்றும் சொல்கிறது. நம் பெற்றோரின் முதல் பயம் அதுதான் என்பதால் அந்த ஒன்றை மட்டும் உரக்கச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டதன் பலன் நம் கணக்கிலேயே இருக்கிறது. 2015–16-க்கும் 2019–21-க்கும் இடையில் தமிழ்நாட்டில் 18-க்கு முன் மணமான பெண்களின் விகிதம் 16.3 சதவீதத்திலிருந்து 12.8 ஆகக் குறைந்தது. 15–19 வயதில் தாயானவர்கள் அல்லது கருவுற்றிருந்தவர்கள் விகிதமோ 5-லிருந்து 6.3 ஆக ஏறியது.

ஆக, யார் பேசுவது? நெதர்லாந்து அப்பா போல மதுரை அப்பா ஒரே தலைமுறையில் மாற வேண்டும் என்பது நடக்காத காரியம். நம்மிடம் இருந்தது இடையாட்களின் முறை. அதைப் புது ஆட்களோடு திரும்பக் கட்டலாம். கிராம சுகாதாரச் செவிலியர் ஏற்கெனவே வீட்டுக்கு வருகிறார். 2011-12-ல் வந்த புதுயுகம் திட்டத்தில் கிராமத்துப் பெண்களுக்கு இலவச நாப்கின் கொடுப்பவர்களில் அவரும் ஒருவர். நாப்கினோடு பத்து நிமிடப் பேச்சும் கொடுக்க அவருக்கு நேரம் ஒதுக்கினால் போதும். பாடப் புத்தகங்களில் 14417, 1098 என்ற உதவி எண்கள் அச்சாகின்றன. திருப்பூரில் இருக்கும் அத்தைக்கு ஒரு போன் போட்டு, "அயித்தை, இவளுக்கு நீங்கதான் சொல்லணும்" என்று பொறுப்பை ஒப்படைக்கும் தாய், தன் கடமையைத் தட்டிக்கழிப்பதாக நான் நினைக்கவில்லை. அந்த அத்தை சரியானவரா, சொன்னது சரியா என்று பார்த்துக்கொள்ள வேண்டியது தாயின் வேலை. பெற்றோரால் மட்டுமே முடிகிற விஷயங்கள் இரண்டு. ஒன்று, குழந்தை வந்து சொல்வதை அடிக்காமல் கேட்பது. இன்னொன்று, மேலே சொன்ன சாதிக் கணக்கைத் தீர்ப்பது. இரண்டையும் எந்த அத்தையும் செவிலியரும் பதிலுக்குச் செய்ய முடியாது.

2024 செப்டம்பரில், சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றின் மேல்முறையீட்டில், பாலியல் கல்வி பற்றிய தவறான எண்ணங்களைக் களைய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் எழுதியது. 2025 அக்டோபரில் இன்னொரு வழக்கில், ஒன்பதாம் வகுப்புவரை காத்திருக்காமல் இன்னும் சின்ன வயதிலேயே தொடங்க வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் அது தாளில் தொடங்கிவிட்டது. எட்டாம் வகுப்பு அறிவியலில் 'வளரிளம் பருவமடைதல்' என்றே ஒரு பாடம் இருக்கிறது. ஹார்மோன், மாதவிடாய், குரல் மாற்றம், சுத்தம் என்று நல்ல தமிழில், படத்தோடு. வகுப்பில் பல ஆசிரியர்கள் அதை "வீட்ல படிச்சுக்கங்க" என்று தாண்டிப்போவார்கள்; பையன்களும் பெண்களும் சேர்ந்து படிக்கும் வகுப்பென்றால் நிச்சயம் தாண்டுவார்கள். பரீட்சைக்கு முதல் நாள் புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, பின்னால் இருக்கும் கேள்விகளைப் பிள்ளையிடம் ஒவ்வொன்றாகக் கேட்கும் பழக்கம் படிக்காத அம்மாக்களிடம்கூட உண்டு. அந்தப் பாடத்தின் கேள்விகளையும் அப்படியே கேட்கலாம். பையன் என்றால் அப்பா கேட்கட்டும்.